வண்ண ரிம்மும் பிரேக் கட்டையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைக்கிளுக்கு வீல் கோர்த்து, கோட்டம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கொஞ்ச காலமாகப் பலர் ஒரே புகாரோடு வருகிறார்கள்: "ரிம்முல கலர் போயிடுச்சு, மட்டமான சரக்கத் தள்ளிவிட்டுட்டாங்க." சரக்கு மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரப்பர் கட்டை ரிம்மின் பக்கவாட்டைக் கவ்வித்தான் வண்டியை நிறுத்துகிறது. கவ்வுகிற இடத்தில் எந்தக் கலரும் தங்காது. என் கோபமெல்லாம் அந்த இடத்திலும் கலர் ஏற்றி விற்கிறவர்கள் மேல்தான்.

இந்த ரிம்களுக்குக் கலர் ஏற்றும் ஒரு முறை அனோடைசிங். அதாவது, அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடாக மாற்றி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றுவது. அந்தப் படலம் சாதாரணமாக 10 முதல் 25 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. கெட்டியானது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்டையில் ஒட்டிய மண்துகள் அரைக்கும்போது எவ்வளவு நாள் தாங்கும்? மழையில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். பெயின்ட், பவுடர் கோட்டிங் எல்லாம் தடிமன் அதிகம், ஆனால் மிருது. பிரேக் சூட்டில் இளகிக் கட்டையில் ஈஷிக்கொள்ளும்.

முழுசாகப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை. பாதி போயும் பாதி போகாமலும் இருக்கிற காலம்தான் தொல்லை. சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவி ஆரஞ்சு ரிம் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தார். முன்சக்கரத்தில் ரிம்மின் இரு முனைகளும் சேரும் ஜாயின்ட் கொஞ்சம் மேடு. அங்கே மட்டும் பளிச்சென்று உலோகம் தெரிந்தது. பக்கத்திலேயே சிறு பள்ளம், அதில் கலர் அப்படியே இருந்தது. பிரேக்கை லேசாகப் பிடித்தால் சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று இழுத்தது. கட்டையைக் கழற்றினால் ஓரமெல்லாம் ஆரஞ்சு மாவு, நடுவில் கண்ணாடி போல் வழுவழுப்பு. உப்புத்தாளில் தேய்த்து, ரப்பரில் புதைந்திருந்த அலுமினியச் சிலும்புகளை ஊசியால் நோண்டி எடுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணே, ஸ்பிரே வாங்கி அடிச்சுக்கலாமா?" என்றார். பிரேக் உரசுகிற பட்டையில் தயவுசெய்து வேண்டாம். புது பெயின்டில் கட்டை சரியாகப் பிடிக்காது, பெயின்டும் நிற்காது. பளபளப்புக்காக அங்கே பாலிஷ் போடுவது அதைவிட மோசம்.

கலரைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் உலோகம் தேய்வதைப் பார்ப்பதே இல்லை. பல ரிம்களில் அந்தப் பட்டையில் சின்னக் குழியோ, சுற்றிலும் ஒரு கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்றியாக வேண்டும். அப்படி அடையாளம் இல்லாத ரிம்மில் ஒரு ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் நன்றாக வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்து மெலிந்துவிட்டது என்று அர்த்தம். மெலிந்த சுவரை டயரின் காற்றழுத்தம் வெளியே தள்ளிப் பிளந்துவிடும். ஓடும்போது முன்சக்கரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமா என்ன? கட்டை உரசும் பட்டையை மட்டும் கடைசல் பிடித்து வெறும் உலோகமாக விட்டு, மீதிக்குக் கலர் ஏற்றிய ரிம்களும் விற்பனையில் இருக்கத்தான் செய்கின்றன. கண்ணுக்குக் கொஞ்சம் எடுப்பு குறையும், அவ்வளவுதான். முழு ரிம்மும் கலராகத்தான் வேண்டும் என்றால், ரிம்மைத் தொடாத டிஸ்க் பிரேக் வைத்து விற்கட்டும். இரண்டும் முடியாது என்றால், பிரேக் படும் இடத்தில் கலர் நிற்காது, அதற்கு உத்தரவாதம் கிடையாது என்று விற்கும்போதே ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுக்கட்டும். இப்போது அந்தப் பதிலை, பணம் வாங்காத நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் மெக்கானிக்