குஸ்தாவ் லியோன்ஹார்ட்டைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி வீணையில் வர்ணம் வரை வந்துவிட்டாள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு என் நடமாட்டம் இன்னும் வீட்டுக்குள்தான்; ஆகவே இசை கேட்க நேரம் தாராளமாக இருக்கிறது. நான் அனுப்பிய ஹார்ப்சிகார்டு ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, ஓசை முழுவதும் ஒரே அளவில் இருக்கிறதே, இதில் உணர்ச்சி பாவம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதை வாசித்த குஸ்தாவ் லியோன்ஹார்ட் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டிலோ, விரலால் வாசிக்கும் கட்டையை அழுத்தினால் மெல்லிய மரத்துண்டு ஒன்று மேலெழும்பி, அதில் செருகிய இறகின் முனை கம்பியை மீட்டிவிட்டு இறங்குகிறது. எவ்வளவு வலுவாக அழுத்தினாலும் ஓசையின் அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. வீணையில் போலக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கவும் வழியில்லை. வாசிப்பவர் கையில் மிஞ்சுவது காலம் ஒன்றுதான். முந்தைய ஸ்வரத்தில் இருந்து இம்மி முன்னதாக விரலை எடுத்து நூலிழை அளவு மௌனத்தை உண்டாக்கினால், அடுத்து வரும் ஸ்வரம் வலுவாக ஒலிப்பதாகச் செவி நம்பிவிடுகிறது. அதையே சற்றுத் தாமதித்து மீட்டினால் பெருமூச்சு போலிருக்கிறது. லியோன்ஹார்ட்டின் வாசிப்பு பேச்சைப் போல இருப்பதாக நான் உணர்வது இதனால்தான்.

1928இல் நெதர்லாந்தில் பிறந்த அவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கடைசிக் குளிர்காலத்தில், பள்ளியும் மின்சாரமும் இல்லாத வீட்டில், பெற்றோர் வாங்கி வைத்திருந்த ஹார்ப்சிகார்டோடு நாட்களைக் கழித்தார். 1947இல் பழைய இசைக்கென்றே அமைந்த, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். பின்னர் இசைக்குழுவை நடத்தக் கற்பதற்காக வியன்னாவுக்குச் சென்றவர், பெரும்பாலான நேரத்தை அங்குள்ள நூலகத்தில் பழைய இசைச்சுவடிகளைத் தம் கைப்படப் படியெடுப்பதில் செலவிட்டார்.

அந்த வியன்னாவில் 1950இல் அவர் நிகழ்த்திய அரங்கேற்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ‘ஃபியூக் கலை’. ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச் செல்லும் இசைவடிவம்தான் ஃபியூக். எந்த வாத்தியத்துக்கு என்று குறிக்கப்படாமல் நான்கு குரல்களும் நான்கு தனி வரிகளில் அச்சான படைப்பு அது. ஆகவே அதைக் குழுவாக வாசிப்பதற்குரியதாகவோ, ஏட்டளவிலான கணக்காகவோ பலர் கருதியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியிட்ட ஆய்வில், அது ஹார்ப்சிகார்டுக்கே எழுதப்பட்டது என்று அவர் வாதிட்டார். நான்கு குரல்களும் இரண்டு கைகளுக்குள் அடங்குவதையும், அவ்வாறு வரி பிரித்து எழுதுவது கட்டை வாத்திய இசையில் பழைய வழக்கம் என்பதையும் சான்றாகக் காட்டினார். பாதியில் நின்றுபோன கடைசி ஃபியூக் அந்தத் தொகுப்பைச் சேர்ந்ததே அல்ல என்ற முடிவுக்கு வந்து, 1969இல் செய்த ஒலிப்பதிவில் அதை விட்டுவிட்டார். கேட்பவர் உருகக் காத்திருக்கும் இடத்தைச் சான்றுக்காகத் துறந்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும், அந்த முடிவை என்னால் முழுமையாக ஏற்க முடியாவிட்டாலும்.

அவர் இளைஞராக இருந்தபோது கச்சேரிகளில் புழங்கிய ஹார்ப்சிகார்டுகள் பெரும்பாலும் பியானோவைப் போலக் கனத்த சட்டமும் மிதிகளும் கொண்டு புதிதாக வடிவமைக்கப்பட்டவை. அவற்றை விட்டுவிட்டு, பழைய கைவினைஞர்களின் முறையைப் பின்பற்றிச் செய்த வாத்தியங்களை அவர் நாடினார். ஆன்ட்வெர்ப் நகரின் டுல்கென் 1745இல் செய்த ஹார்ப்சிகார்டை முன்மாதிரியாகக் கொண்டு, ப்ரெமென் நகரத்து மார்ட்டின் ஸ்கோவ்ரோனெக் 1962இல் அவருக்குச் செய்துகொடுத்தது அவற்றுள் புகழ்பெற்றது.

இசைக்குழுவை நடத்துபவராகவும் அவர் அதே மனிதர்தான். 1955இல் தம் பெயரில் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார்; மனைவி மரீ அதில் வயலின் வாசித்தார். 1971இல் ஆஸ்திரிய இசைக்குழு நடத்துநர் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட்டுடன் பங்கிட்டுக்கொண்டு, பாக்கின் இருநூறு அளவிலான தேவாலயக் கான்டாட்டாக்களை, அதாவது வாத்தியங்களோடு பாடப்படும் வழிபாட்டுப் பாடல் தொகுதிகளை, பழங்கால வாத்தியங்களோடு பதிவு செய்யும் பணியில் இறங்கினார். அது முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. உச்சக்குரல் பகுதிகளைப் பெரும்பாலும் சிறுவர்களே பாடினார்கள். சில இடங்களில் அந்தப் பிஞ்சுக் குரல்கள் தடுமாறுவது உண்மைதான். ஆயினும் பாக் தம் தேவாலயத்தில் கேட்டது அத்தகைய குரல்களைத்தான் என்பதை நினைத்துக்கொண்டு கேட்கும்போது என் கண் கலங்கிவிடுகிறது. டான் கூப்மன், கிறிஸ்டோபர் ஹாக்வுட், பியேர் ஹான்டாய் என்று அவரிடம் பயின்றவர்களின் வரிசையும் நீளமானது.

2011 டிசம்பர் 12 அன்று பாரிஸில் அவர் கடைசியாகக் கச்சேரி செய்தார். நோய் முற்றியிருந்தது. ஐந்து வாரங்கள் கழித்து, ஜனவரி 16 அன்று, ஆம்ஸ்டர்டாமில் காலமானார்.

பாக்கைச் சிறிது காலம் தள்ளி வைத்துவிட்டு, லூயி கூப்பரின் என்ற பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் எழுதிய தாளமற்ற முன்னிசைகளை அவர் வாசித்திருப்பதை முதலில் கேளுங்கள். அவற்றில் ஸ்வரங்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது வாசிப்பவரின் பொறுப்பு. வீணையில் ஆலாபனை கேட்டுப் பழகிய உங்கள் செவிக்கு அது அந்நியமாக இராது. இரவில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் அவர் விடும் இடைவெளியைக் கவனித்து, உங்கள் மனத்துக்குப் பட்டதை மறைக்காமல் எழுதுங்கள். பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் மகிழ்வேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்