டென்வெக்குக்குப் போகும் மகளுக்கு

அன்பு பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

கென்யாவின் டென்வெக் மருத்துவமனை என்றதும் நீ இதய அறுவைப் பிரிவைப் பற்றியே கேட்கிறாய். 1937-இல் மிஷனரிகள் சிறிதாகத் தொடங்கிய இடம் அது; முதல் டாக்டர் எர்னி ஸ்டியூரி 1959-இல்தான் வந்து சேர்ந்தார். இன்று இதய அறுவையும் நடக்கிறது, சரி. ஆனால் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறையில் உன் கைக்கு ஓயாமல் வரப்போவது உணவுக்குழாய் புற்றுநோய். மேற்குக் கென்யாவில் அது அதிகம். முப்பது வயதுகூட ஆகாதவர்களுக்கும் வருகிறது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீயைச் சொல்கிறார்கள், முர்சிக் என்ற புளித்த பாலைச் சொல்கிறார்கள். ஒரே காரணம் என்று எதுவும் உறுதியாகவில்லை.

பலர் அறுவைக்கான கட்டம் தாண்டித்தான் வருவார்கள். அவர்களுக்கு ஸ்டென்ட்தான், அடைப்பை விரித்து வழிவிடும் வலைக்குழாய். "சாப்பிட முடிகிறதா?" என்று கேட்காதே. இரண்டு மாதமாக ஊஜிக் கஞ்சியிலேயே இருப்பவருக்கு அதுவே சாப்பாடு, "முடிகிறது" என்பார். நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேள். கெட்டியான உகாலி இறங்குகிறதா, ஊஜி மட்டுமா, தண்ணீர் மட்டுமா, எச்சிலே இறங்கவில்லையா என்று தனித்தனியாகக் குறித்துக்கொள். தண்ணீர் குடித்தவுடன் இருமல் வந்தால் உணவுக்குழாயிலிருந்து மூச்சுக்குழாய்க்கு ஓட்டை விழுந்திருக்கலாம். அவருக்கு உறை போட்ட ஸ்டென்ட் வேண்டும்.

அங்கே ஃப்ளோரோஸ்கோப்பி என்ற நேரடி எக்ஸ்ரே படம் இல்லாமல், எண்டோஸ்கோப் வழியாகவே ஸ்டென்ட் வைத்துப் பழகியிருக்கிறார்கள். அதனால் அளவுதான் எல்லாம். முன்பல்லிலிருந்து கட்டியின் மேல்முனை எத்தனை சென்டிமீட்டர், கீழ்முனை எத்தனை என்று எழுது. ஸ்டென்ட் இரு பக்கமும் 2 சென்டிமீட்டராவது தாண்டி நிற்கவேண்டும். குட்டையானதைப் போட்டால் கட்டி விளிம்பு வழியே வளர்ந்து மறுபடி அடைக்கும். மேல்முனை தொண்டைக்கு மிக அருகில் போனால் ஏதோ சிக்கியதுபோல் உறுத்திக்கொண்டே இருக்கும். இரைப்பை வாயைத் தாண்டினால் அமிலம் மேலேறும். தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொல், அமிலம் குறைக்கும் மாத்திரை கொடு.

ஸ்டென்ட் முழுதாக விரிய ஓரிரு நாள் ஆகும், அதுவரை நெஞ்சு வலிக்கும். வலி மருந்தை முன்கூட்டியே எழுதிவிடு. வலியோடு காய்ச்சலோ, கழுத்தில் தோலுக்கடியில் நொறுநொறுப்போ இருந்தால் உணவுக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று உடனே பார்.

முதல் நாள் திரவம் மட்டும், பிறகு ஊஜி. உகாலி நம் களி மாதிரி கெட்டி. பாலில் கரைத்து, கவளத்துக்கு ஒரு மடக்கு தண்ணீரோடு சாப்பிடட்டும். சுகுமா கீரையைப் பொடியாக நறுக்க வேண்டும். சுட்ட இறைச்சி கூடவே கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களில் பலருக்கு மாட்டியது இறைச்சித் துண்டுதான். இதைச் சமைக்கிறவரிடம் சொல், நோயாளியிடம் மட்டும் சொல்லாதே. அந்தப் பகுதி கிப்சிகிஸ் இனப் பாட்டிகள் பலருக்கு ஸ்வாஹிலி வராது, நர்ஸைக் கூட வைத்துக்கொள். "சாம்கெய்" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கு.

மருந்துப் பெட்டி ஆசை வேண்டாம். காலாவதி நெருங்கிய மாத்திரையைச் சுமந்துபோனால் அதை அழிக்கும் செலவு அவர்கள் தலையில். போய்ச் சேரும்போது ஒரு வருடமாவது ஆயுள் இருக்கவேண்டும், அதுவும் அவர்கள் கேட்டிருந்தால் மட்டும். கருவிக்கு மின்னழுத்தம் கவலையில்லை, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மூன்று பட்டைக் கால். அடாப்டர் நாலு எடுத்துக்கொள்.

தற்காலிக மருத்துவ உரிமம் கைக்கு வராமல் டிக்கெட் போடாதே. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரம். ஆப்பிரிக்கா என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா