ரோசாவும் என்ரிக்கேயும் மெக்சிகோக்காரர்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிரெகரி நாவாவின் ‘எல் நோர்தே’ (1983) படம் பற்றிய கட்டுரை படித்தேன். “பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் மெக்சிகோ அண்ணன் தங்கை” என்று ஒரு வரி. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா என்று நான் கேட்க மாட்டேன். நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அவர்கள் குவாத்தமாலாவின் மாயா பழங்குடிப் பிள்ளைகள். காப்பித் தோட்டக் கூலிகளைச் சேர்த்துக் கூட்டம் போட்ட அப்பாவைக் கொன்று தலையை மரத்தில் தொங்கவிட்டது ராணுவம். அம்மாவையும் பிடித்துக்கொண்டு போயிற்று. இதற்குப் பெயர் பிழைப்புத் தேடலா? பிடிபட்டால் குவாத்தமாலாவுக்கே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் மெக்சிகோக்காரர் வேஷம். அதற்கு ஊர்க்காரர் சொல்லிக்கொடுத்த வழி, வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசு என்பது. அந்த வேஷத்தை உங்கள் கட்டுரையாளரும் நம்பிவிட்டார்.

எல்லை தாண்ட இருவரும் தவழ்ந்து வரும் சாக்கடைக் குழாய்க் காட்சியில் எலிகளைக் காட்டிப் பார்ப்பவர்களை மிரட்டுகிறார்களாம், உங்கள் கட்டுரை சொல்கிறது. ஐயா, அந்த எலிக்கடியில் வந்த காய்ச்சலில்தான் கடைசியில் ரோசா சாகிறாள்.

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், அந்த வேஷம் நானும் போட்டதுதான். 1990இல் தனுஷ்கோடிப் பக்கம் மணல்திட்டில் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போன குடும்பம் எங்களுடையது. மறு ஆண்டு சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் அம்மா வாயே திறக்க மாட்டார். ‘கதைக்கிறது’ என்று ஒரு சொல் விழுந்தால் வீடு கிடையாது. “எந்த ஊர்?” “நாகர்கோவில்.” அந்த ஊரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

உங்களுக்கு லத்தீன் அமெரிக்க எழுத்து என்றால் மார்க்கேஸ், போர்ஹேஸ். சிறப்பிதழ் மேல் சிறப்பிதழ். அமெரிக்காவுக்குள் இருந்தே எழுதும் லத்தீனோக்களுக்கு, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு, எப்போது பக்கம் ஒதுக்கினீர்கள்? ஹவியேர் சமோராவின் ‘சோலிட்டோ’ 2022இலேயே வந்துவிட்டது. ஒன்பது வயதில், பெற்றோரைத் தேடி, எல் சால்வடோரிலிருந்து முன்பின் அறியாதவர்களோடு படகிலும் பாலைவனத்திலும் வந்த தன் கதையைச் சொல்கிறார். ஒரு வரி மதிப்புரை கிடையாது.

2020இல் நான் எழுதிய கடிதம் நினைவிருக்கும். அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் உள்ள சான் இசிட்ரோ அருகே எல்லை தாண்டி 25 கெஜம் வருவதற்குள் பிடிபட்ட ஈழத்தமிழருக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது எழுதியது. மெக்சிகோ எல்லை நமக்கும் எல்லைதான் என்று அதில் சொல்லியிருந்தேன். இடமில்லை என்றீர்கள். அதே இதழில் ஒரு நடிகர் வீட்டு நாய்க்கு முழுப் பக்கம் இடம் இருந்தது. நல்ல நாய்தான், குறை சொல்லவில்லை.

இப்போதும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ‘மெக்சிகோ’வைக் ‘குவாத்தமாலா’ என்று திருத்தி, ‘திருட்டுத்தனமாக’ என்பதை எடுத்துவிட்டு ஒரு வரி போடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஊறுகாய் விளம்பரத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் எப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது.

தங்கள் பழைய சந்தாதாரர்,
கும்மிடிப்பூண்டி