அலுவலக மெயிலின் ‘ரீட் ரெசீப்ட்’: கைப்பேசி செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி அந்தரங்கம் பற்றிய உங்கள் கட்டுரை, வாட்ஸ்அப்பின் நீல டிக்கை அணைக்கும் முறையை நன்றாக விளக்கியிருந்தது. மின்னஞ்சலின் ரீட் ரெசீப்ட்டை, அதாவது நாம் மடலைப் படித்துவிட்டோம் என்று அனுப்பியவருக்குப் போகும் ரசீதை, தொடாமல் விட்டுவிட்டது பெரிய குறை. அலுவலக மெயிலைக் கைப்பேசியில் பார்க்கும் பலரிடமிருந்து, அவர்கள் அறியாமலே இந்த ரசீதுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

அனுப்புபவர் ரசீது கேட்டால், மடலோடு மறைவாகப் போகும் ஹெடர் பகுதியில் அதற்கென ஒரு வரி சேரும். அது வெறும் வேண்டுகோள்தான். பெறுபவரின் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்கிறது 2017இல் வெளியான ஆர்எஃப்சி 8098 என்ற இணையத் தரநிலை ஆவணம். விதி நம் பக்கம்தான் இருக்கிறது.

சிக்கல், பல அலுவலகங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் கணக்குகளில் வருகிறது. கைப்பேசியை எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு ஒத்திசைக்கும் ஆக்டிவ்சிங்க் முறையின் வழியாகச் செயலி இணைந்திருந்தால், ரசீதை அனுப்புவது கைப்பேசி அல்ல, சர்வர். மடல் ‘படித்தது’ என்று குறி மாறினால் அதற்குப் போதும். மடலைத் திறக்காமல் விரலால் தள்ளி ‘மார்க் அஸ் ரீட்’ கொடுத்தாலும், மொத்த இன்பாக்ஸையும் ஒரே தட்டலில் அப்படிச் செய்தாலும் ரசீது கிளம்பிவிடும். படிக்காமல் அழித்தாலோ, ‘படிக்காமலே நீக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குப் போகலாம். மேலதிகாரிக்கு அப்படியொன்று போனால் எவ்வளவு சங்கடம்! ஏர்பிளேன் மோடில் படிப்பதும் உதவாது. இணைப்பு திரும்பியதும் குறி சர்வருக்குப் போய்விடும். ரசீது தாமதமாகும், அவ்வளவுதான்.

ஆகவே சர்வரில் உள்ள உங்கள் அஞ்சல்பெட்டியில்தான் மாற்ற வேண்டும். பிரவுசரில் அவுட்லுக்கைத் திறந்து செட்டிங்ஸ், மெயில், மெசேஜ் ஹேண்ட்லிங் என்று போனால் ‘ரீட் ரெசீப்ட்ஸ்’ இருக்கும். அங்குள்ள மூன்று தேர்வுகளில், ஒருபோதும் அனுப்பாதே என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ‘கேட்டுவிட்டு அனுப்பு’ என்பதை நம்பியிருக்க வேண்டாம். கேட்பதற்கான பெட்டியே இல்லாத கைப்பேசிச் செயலிகள் உண்டு. விண்டோஸ் அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், டிராக்கிங் என்று போய் மாற்றுவது வேறு விஷயம்: அது அந்தக் கணினியோடு நின்றுவிடும். பலரும் இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

மாற்றியதும் சோதித்துப் பார்ப்பது அவசியம். இன்னொரு கணக்கிலிருந்து ரசீது கேட்டு ஒரு மடல் அனுப்பி, அதைக் கைப்பேசியில் மட்டும் திறந்து பாருங்கள். அப்போதும் ரசீது வந்தால் அலுவலக மெயில் நிர்வாகியை அணுக வேண்டியதுதான். ஆக்டிவ்சிங்க் ரசீதுகளுக்கென்று அஞ்சல்பெட்டி வாரியாகவே ஓர் அமைப்பு எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. நிர்வாகி மட்டுமே அதைத் தொட முடியும்.

சொந்த ஜிமெயில் கணக்குகளில் இந்த வசதியே இல்லை. நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸில் உண்டு. ஒவ்வொரு முறையும் பயனரைக் கேட்க வேண்டுமா என்பதை நிர்வாகி முடிவுசெய்கிறார். கேட்கும்படி வைப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. வெளியாருக்குத் தானாகப் போகும் ரசீது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று குப்பை மடல் அனுப்புபவருக்கும் காட்டிக்கொடுக்கும்.

ரசீதை நிறுத்திய பிறகும் ஒரு ஓட்டை மிச்சம். விளம்பர மடல்கள் ரசீது கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை உள்ளே வைத்து, அது சர்வரிலிருந்து இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்கின்றன. ஜிமெயில் செயலியில் கணக்கின் செட்டிங்ஸுக்குள் ‘இமேஜஸ்’ பகுதியில், வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லலாம். ஐபோனின் மெயில் செயலியில், ஐஓஎஸ் 15 முதல் ‘புரொடெக்ட் மெயில் ஆக்டிவிட்டி’ இருக்கிறது. அதை இயக்கினால், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் இறக்கப்படும். எப்போது படித்தீர்கள் என்பது அனுப்பியவருக்குப் பிடிபடாது.

டெலிவரி ரெசீப்ட்டை மட்டும் பெறுபவர் தடுக்க முடியாது. மடல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது என்று சர்வர் சொல்வது அது. நீங்கள் படித்ததாக அதற்குப் பொருள் இல்லை.

இப்படிக்கு,
மின்னஞ்சல் நிர்வாகப் பணியில் உள்ள ஒரு வாசகர்