பிரெஞ்சு இசை ஆவணப்படத் தொகுப்பின் தமிழ் சப்டைட்டில், ஒலி வேகம் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
புதுச்சேரி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 18.11.2024

பொருள்: பிரெஞ்சு இசை ஆவணப்படத் தொகுப்பில் தமிழ் சப்டைட்டில் பிழையாக இருப்பதும், ஒலி வேகம் குறைந்து சுருதி இறங்கியிருப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் செயலிக்கு ஆண்டுச் சந்தாவாக 1,499 ரூபாய் செலுத்தி வரும் நான், கடந்த அக்டோபர் மாதம் 399 ரூபாய் கூடுதலாகக் கட்டி, மூன்று பகுதிகள் கொண்ட பிரெஞ்சு இசை ஆவணப்படத் தொகுப்பை வாங்கினேன். பிரெஞ்சு எனக்குத் தெரியும் என்பதால் எனக்காக மட்டும் என்றால் இதை வாங்கியிருக்க மாட்டேன். 'பிரெஞ்சு மூலத்திலிருந்து நேரடியாகத் தமிழில் சப்டைட்டில்' என்று தங்கள் விளம்பரத்தில் இருந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். அந்த வரி உண்மையில்லை என்பதே இக்கடிதத்தின் சாரம்.

நான் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்; எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால் 'சொல்தா'. அவர் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவந்த சிறிய இசைத்தட்டுகள்தாம் எனக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தின. 1960-களில் புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாடகி பிரான்சுவாஸ் ஆர்தி 2024 ஜூன் 11 அன்று காலமான செய்தியைப் படித்த நாளில், அந்தத் தட்டுகளை மறுபடி எடுத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். என் மனைவிக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் கர்நாடக சங்கீதம் கற்றவர், வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக் கொடுக்கிறார். நாற்பது ஆண்டுகளாக நான் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு வாய்ப்பு கிடைத்ததென்று மகிழ்ந்தேன்.

முதல் பகுதி தொடங்கி இருபதாவது நிமிடத்தில் அவர் என்னிடம் கேட்டது இது: "மகன் பொம்மை என்றால் என்ன, யாருடைய மகன்?" திரையில் இருந்த வரி 'மெழுகின் பொம்மை, மகனின் பொம்மை'. 1965-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், பதினேழு வயதுப் பெண்ணான பிரான்ஸ் கால், லக்சம்பர்க் நாட்டின் சார்பில் பாடிப் பரிசு வென்ற பாடலின் தலைப்பு அது. 'பூப்பே த சீர், பூப்பே த சொன்' என்பதில் வரும் 'சொன்' என்ற சொல்லுக்குத் தவிடு என்று ஒரு பொருளும், ஒலி என்று மற்றொரு பொருளும் உண்டு. மெழுகில் வார்த்த பொம்மையாகவும் தவிடு அடைத்த பொம்மையாகவும், அதே சமயம் பிறர் எழுதிக் கொடுத்ததை ஒலிக்கும் பொம்மையாகவும் ஓர் இளம் பாடகியே தன்னைச் சொல்லிக்கொள்ளும் சிலேடை அதில் இருக்கிறது. எழுதியவர் செர்ழ் கேன்ஸ்பூர். அவருக்குச் சிலேடை கைவந்த கலை. காளமேகத்தைப் படித்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும். ஆனால் 'சொன்' என்பதன் எழுத்துக்கள் ஆங்கிலத்தில் மகனைக் குறிக்கும் சொல்லின் எழுத்துக்களாகவும் இருப்பதால், தவிடும் ஒலியும் போய் மகன் வந்துவிட்டான்.

இது ஓரிடத்தில் நேர்ந்த கைப்பிசகு என்றால் கடிதம் எழுத மாட்டேன். 1960-களின் பிரான்சில் பாடல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறு தட்டுகளில், ஒரு தட்டுக்கு நான்கு பாடல்கள் வீதம், படம் போட்ட அட்டை உறையில் விற்கப்பட்டன. சுற்று என்பதற்குப் பிரெஞ்சில் 'தூர்' என்று பெயர். தங்கள் சப்டைட்டிலில் இது, 'அவர் 1962-இல் தனது முதல் 45 சுற்றுலாக்களை வெளியிட்டார். அவற்றில் நான்கு பாடல்கள் இருந்தன' என்று வருகிறது. பெரும் வெற்றி பெற்ற பாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் பேச்சு வழக்கில் 'த்யூப்' என்பார்கள். தங்கள் படத்தில் ஒரு பெரியவர் கண்கலங்கி, 'அந்தக் கோடை முழுவதும் எங்களுக்கு ஒரே குழாய்தான்' என்கிறார். என் மனைவி அது தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியது என்றே நினைத்தார். இரண்டாம் பகுதியில், கேன்ஸ்பூரின் 1971-ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு வாத்தியக் கோவை எழுதிய ழான் குளோத் வனியே, 'ஏற்பாடுகளைச் செய்தவர்' ஆகிவிட்டார். அந்தத் தொகுப்பு முழுவதும் சேர்ந்தே அரை மணி நேரம் வராது; அதன் உயிரே அந்த வயலின்களும் இறுதிப் பாட்டில் எழும் கூட்டுக்குரல்களும்தாம். அவற்றை அமைத்தவரைப் பந்தல் போட்டு நாற்காலி வாடகைக்கு எடுத்தவர் போலக் காட்டுவது எந்த விதத்தில் நியாயம் என்று தெரியவில்லை.

மேற்கண்டவை எல்லாம் பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலச் சொல்லாகப் படித்ததால் வந்தவை. ஆங்கிலம் இடையில் நுழைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றும் உண்டு. பிரெஞ்சில் நெருங்கியவரிடம் 'தூ' என்றும், மரியாதைக்குரியவரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் 'வூ' என்றும் பேசுவார்கள். நம்மிடம் நீ, நீங்கள் இருப்பதால், பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வருகிறவர் இந்த இடத்தில் தடுமாறவே தேவையில்லை. ஆனால் தங்கள் சப்டைட்டிலில், கூச்ச சுபாவத்துக்குப் பெயர்பெற்ற ஆர்தி, தன்னைப் பேட்டி காணும் செய்தியாளரைப் பார்த்து, 'நீ என்னிடம் இதைக் கேட்பாய் என்று தெரியும்' என்று சொல்கிறார். காதில் 'வூ' என்று விழுகிறது, திரையில் 'நீ' என்று வருகிறது. இரண்டு படிகளும் இல்லாத மொழி ஒன்றின் வழியாக வந்தால் மட்டுமே இப்படி ஆகும்.

பெயர்களைப் பற்றி ஒன்று. 'பிரான்ஸ் கால்' என்னும்போது 'கால்' தமிழில் காலாகவே தெரிவது அவர் குற்றமுமன்று, தங்கள் குற்றமுமன்று. இசபெல் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு புகழ்பெற்ற பாடகி இருந்ததால், இசபெல்லாகப் பிறந்தவருக்குப் பிரான்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் 'பிரான்ஸ் நேப்பிள்ஸுக்குச் சென்றது, லக்சம்பர்க்குக்காகப் பாடியது, மேடைக்குப் பின்னால் அழுதது' என்று அஃறிணையில் எழுதினால், படிப்பவர் ஒரு நாடே கிளம்பிப்போய் அண்டை நாட்டுக்காகப் பாடி அழுததாகத்தானே எண்ணுவார்? எழுதியவர் ஒரு முறையாவது படத்தைப் பார்த்திருந்தால் அழுவது யார் என்று தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்து இளைஞர் இசைக்கு 'யே-யே' என்று பெயர். 1963 ஜூன் 22 அன்று பாரிசின் நசியோன் சதுக்கத்தில், 'சல்யு லே கொப்பேன்' என்ற வானொலி நிகழ்ச்சியின் பெயரைத் தாங்கிய இதழின் முதலாண்டு விழாவாக நடந்த இலவசக் கச்சேரிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் திரண்டார்கள். அதைக் குறித்து சமூகவியலாளர் எட்கார் மொரேன் 'லெ மோந்த்' நாளிதழில் எழுதிய கட்டுரைகளால் அந்தப் பெயர் நிலைத்தது. ஆங்கிலப் பாட்டுகளில் 'ஆம்' என்ற பொருளுள்ள சொல்லைக் கூவுவதைப் பார்த்து, பாடகர்கள் இடையிடையே போடும் கூவல்தான் அது. சப்டைட்டிலில் ஓர் இசை வகை முழுவதும் 'ஆம்-ஆம்' ஆகியிருக்கிறது. வானொலி நிகழ்ச்சியின் பெயரோ வரும் இடமெல்லாம் 'நண்பர்களே வணக்கம்' என்று இருப்பதால், படத்தில் பேசுகிற ஒவ்வொருவரும் பேச்சின் நடுவே காரணமின்றி வணக்கம் வைப்பதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது குறை ஒலி பற்றியது. இதை முதலில் கண்டுபிடித்தவர் என் மனைவி. 1962 அக்டோபர் 28 அன்று, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்ற பொது வாக்கெடுப்பின் முடிவுகளைத் தொலைக்காட்சி அறிவித்துக்கொண்டிருந்த இரவில், இடைவேளையில் ஆர்தி பாடினார். நாடு முழுவதும் திரை முன் உட்கார்ந்திருந்த அந்த ஓர் இரவு அவரை ஊரறியச் செய்தது. படத்தில் அந்தப் பாட்டு வந்தபோது என் மனைவி, "நீங்கள் தட்டில் போடும் பாட்டு இதுதானே, சுருதி ஏன் இறங்கியிருக்கிறது?" என்றார். ரெக்கார்ட் பிளேயரை எடுத்து வைத்தேன்; வேகத்தைச் சரிபார்ப்பதற்காக அதன் சுழல்மேடையின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் விளக்கொளியில் அசையாமல் நின்றதால் அதன் வேகம் சரி என்று உறுதி செய்துகொண்டேன். அவர் தன் சுருதிப் பெட்டியை இசைத்தட்டின் சுருதிக்குச் சேர்த்துவிட்டுப் படத்தை ஓட்டச் சொன்னார். சுருதியை அளக்கும் கட்டைக் கணக்கில், கால் கட்டைக்கு மேல், அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. பாடகி சளி பிடித்தவர் போல ஒலித்தார்.

காரணம் எளிது. பிரெஞ்சுத் தொலைக்காட்சிப் படங்கள் வினாடிக்கு 25 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) வீதம் ஓடுபவை. அவற்றை 24 சட்டங்களாக மெதுவாக்கி, ஒலியையும் அதனுடன் சேர்த்து இழுத்துவிட்டால் வேகம் 4 சதவீதம் குறையும், சுருதியும் அதே அளவு இறங்கும். மூன்று நிமிடப் பாட்டு ஏழரை வினாடி நீளும். இதற்கான ஆதாரம் தங்கள் செயலியிலேயே இருக்கிறது. பிரான்சில் தொலைக்காட்சிக்கான ஆவணப்படங்கள் பெரும்பாலும் 52 நிமிட அளவில் எடுக்கப்படுகின்றன; இந்தத் தொகுப்பின் அட்டைப் படத்திலும் 52 என்றே அச்சாகியிருக்கிறது. தங்கள் செயலியில் ஒவ்வொரு பகுதியும் 54 நிமிடம் 10 வினாடி ஓடுகிறது. 52-ஐ 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டுகிறேன். சமையல் பற்றிய படம் என்றால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இசையைப் பற்றிய படத்தில் பாட்டே தப்பான சுருதியில் இருந்தால் மீதி என்ன இருக்கிறது?

மின்னணு இசை பற்றிய மூன்றாம் பகுதியில் சப்டைட்டில் பிழைகள் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். படத்தேர்வும் நன்றாகவே இருக்கிறது. பழைய தொலைக்காட்சிக் காட்சிகளைத் தேடி எடுத்துச் சேர்த்தவர்களின் உழைப்பு ஒவ்வொரு பகுதியிலும் தெரிகிறது. அதனால்தான் மனம் கூடுதலாக வருந்துகிறது.

இது குறித்துத் தங்கள் சேவைப் பிரிவை மூன்று முறை தொடர்பு கொண்டேன். முதல் முறை, இணைய இணைப்பைச் சரிபார்க்கும்படி பதில் வந்தது. இரண்டாம் முறை, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார்கள்; நிறுவிய பிறகும் மகன் அங்கேயே இருந்தான். மூன்றாம் முறை தொலைபேசியில் பேசிய இளைஞர் மிகவும் பொறுமையாகக் கேட்டு, "சார், சப்டைட்டில் திரையில் வருகிறதல்லவா?" என்றார். வருகிறது என்றேன். அடுத்த நாள் காலை, என் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அந்த இளைஞர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் 'வருகிறது', 'வரவில்லை' என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, பிரெஞ்சும் தமிழும் அறிந்த ஒருவரைக் கொண்டு மூன்று பகுதிகளின் சப்டைட்டிலையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவும், படத்தை அதன் இயல்பான 25 சட்ட வேகத்திலேயே மறுபடி ஏற்றவும், அதுவரை 'மூலத்திலிருந்து நேரடியாக' என்ற வாசகத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடவும் கேட்டுக்கொள்கிறேன். கூடுதலாகக் கட்டிய 399 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். சந்தாத் தொகையை நான் கேட்கவில்லை; மற்ற படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, சேவைக் குறைபாட்டுக்காகவும் தவறான விளம்பரத்துக்காகவும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக நேரிடும். அந்த அலைச்சல் நம் இருவருக்கும் வேண்டாம் என்பதே என் விருப்பம்.

பணம் செலுத்திய ரசீதின் நகல், விளம்பரத்தின் திரைப்பதிவு, நேரக்குறிப்புடன் 63 பிழையான வரிகளும் அவற்றுக்குரிய சரியான தமிழும் அடங்கிய பட்டியல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். திருத்துபவர் அந்தப் பட்டியலைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு நான் கட்டணம் கேட்கவில்லை.

இரண்டாம் பகுதியின் பிற்பாதியை என் மனைவி இன்னும் பார்க்கவில்லை. திருத்தம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆண்டுச் சந்தாதாரர்,
புதுச்சேரி.