கார்த்திகையில் குமண: சுற்றாடல் முன்னோடிப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளின் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இவ்வாண்டு மாணவர்களுக்கு ஒரு களப்பயணம் ஒழுங்கு செய்வதாயின், அதனைக் கார்த்திகை மாதத்தில் குமண தேசியப் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுமாறு வேண்டி இதனை எழுதுகிறேன்.

நம்மவருக்கு அந்தக் காடு பெரும்பாலும் கதிர்காம யாத்திரைப் பாதையாகவே பழக்கம். உகந்தை முருகனை வணங்கிவிட்டு அடியார்கள் கால்நடையாக அதனைக் கடக்கும் கோடையை ஒட்டித்தான் குமண வில்லு எனப்படும் ஆழமற்ற சதுப்பு நீர்நிலையின் கண்டல் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. ஆகவே பறவை பார்க்க அதுவே காலம், மாரியில் போனால் வெறுங்காடு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அதில் பாதியே சரி. கூடுகள் இல்லாத நவம்பரில்தான் மத்திய ஆசிய வலசைப் பாதையால் வந்தவை இறங்கியிருக்கும்: சைபீரியாவில் இனம்பெருக்கிவிட்டு வரும் ஊசிவால் உள்ளான், நீரில் கூட்டமாக மிதக்கும் நீலச்சிறகி, சேற்றுத் திட்டுகளில் ஓடித் திரியும் உப்புக்கொத்தி. இவற்றில் கரையோரப் பறவைகளை இனம் பிரித்தறிவது எளிதன்று. காலின் நிறத்தையும் அலகின் நீளத்தையும், பறந்தெழும்போது இறக்கையில் தெரியும் வெண்கோட்டையும் குறித்துக்கொண்டு தமக்குள் வாதிடும் பிள்ளைகள், பெயர்ப்பட்டியலை மனனம் செய்தவர்களைவிடக் கூடுதலாகக் கற்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

1938 இல் பறவைகள் சரணாலயமான இவ்விடம், 1985 இல் போரினால் மூடப்பட்டு 2003 இல்தான் மீளத் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறை அதனைக் காணாமலே வளர்ந்தது. 2010 இல் இந்த ஈரநிலத் தொகுதி, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

கும்புக்கன் ஓயாவிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் வழியே நீர் பெறும் இவ்வில்லு ஏறத்தாழ 200 ஹெக்டயர் பரப்புடையது. மழை வலுத்து நீர் உயர்ந்தால் சேற்றுத் திட்டுகள் மூழ்கிவிடும், சிறிய பறவைகளும் வேறிடம் தேடிப் போய்விடும் என்பதால், பெருமழைக்கு முன்னரே போவது நல்லது. முழு வகுப்பையும் ஏற்றிச் செல்லாமல், இரண்டு ஜீப்களில் அடங்கும் தொகையினரை மாத்திரம், விடியும்போதே வாயிலில் நிற்கும்படி அழைத்துச் செல்லுங்கள். பாட்டுப் போடாத சுற்றுலாவுக்குப் பிள்ளைகள் சம்மதிப்பார்களா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது; முதல் தொலைநோக்கி கைக்கு வரும்வரைதான் அந்தச் சிணுக்கம். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை அழைக்கும் பழக்கத்தை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

பாணமைக்கு அப்பால் பாதை வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் பிடிவாதம் வேண்டாம். பொத்துவில் களப்போரத்தில் நின்று அன்றைய குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு திரும்பலாம்.

இங்ஙனம்,
மட்டக்களப்பிலிருந்து பறவை நோக்கும் ஒருவர்