வளையல் இறுகியபோது

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் என்று ஆசைகாட்டுகிறாய். இங்கே பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உன் மதினியை எங்கள் மார்பகப் புற்றுநோய் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

கீமோ நடந்தபோது வீடு நிறையச் சொந்தம். முடி முளைத்ததும் எல்லாருக்கும் நான் குணமாகிவிட்டேன். புற்று திரும்பி வராமலிருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையின் சூட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்து நனைந்து உட்கார்ந்திருப்பது யாருக்குத் தெரியும்? இவரை எழுப்பினால், பாவம், ஃபேனைக் கூட்டிவைப்பார். குழுவில் "இன்னைக்கும் வேர்க்கு" என்று போட்டால் போதும், தென்காசியில் ஒருத்தி "எனக்கும்தான்ட்டீ" என்பாள். அதற்குப் பிறகு தூக்கம் வந்துவிடும்.

போன மாதம் இடது கை வளையல் இறுகியது. சதை போட்டுவிட்டேன் என்று பெருமையாக எழுதினேன். அம்பாசமுத்திரத்து அக்கா உடனே போன் போட்டார்: "வளையலைக் கழற்று, நாளைக்கே டாக்டரிடம் காட்டு." அறுவையில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் நீர் வடிய வழியில்லாமல் கை வீங்குகிறதாம். லிம்ஃபெடிமா என்று பெயர். இப்போது இறுக்கமான கையுறை மாட்டிக்கொண்டு திரிகிறேன்.

தொல்லையும் உண்டு. முள்சீத்தாப் பழம் புற்றைக் கரைக்கும் என்று வந்த ஒரு செய்தியை நம்பி ஒருத்தி மாத்திரையையே நிறுத்திவிட்டாள். அவளைக் கெஞ்சி மருத்துவரிடம் அனுப்ப ஒரு வாரமானது. அமெரிக்காவில் 2011-இல் இந்த நோய் வந்த பெண்கள் இரண்டு பேர் ட்விட்டரில் திங்கள்கிழமை ராத்திரிதோறும் பேச ஆரம்பித்தார்கள். டியானா அட்டாய் என்ற மார்பக அறுவை மருத்துவரும் அதில் சேர்ந்துகொண்டார். எங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். என் டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார், சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. விடுவேனா?

முதலில் மதினியிடம் கேள். அவர்களுக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதே. வந்தாலும் எதுவும் எழுத வேண்டியதில்லை, சும்மா வாசிக்கட்டும். நானே இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

ஆனித் தேருக்கு வரும்போது அவர்களையும் கூட்டி வா. அல்வா வாங்கிவைக்கிறேன். வரிசையில் நிற்க இவர் இருக்கிறார்.

உன்
செண்பகம்